முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு தாள்

திருத்தணி மலைமேல் முடி எடுக்கும் கொட்டகை. ஈரத் தலையோடு நானும் என் மைத்துனன் ஏகாம்பரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தலையிலிருந்து வழிந்த தண்ணீர் முதுகில் கோடு போட்டு இறங்கியது. யாருடைய முடியோ ஒரு சுருள் காற்றில் உருண்டு வந்து என் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"யாருதுங்க வேண்டுதலு?" என்று கேட்டார் முடி எடுப்பவர், கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே.

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு சீட்டையும் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற என் மனைவி கஸ்தூரிதான் பதில் சொன்னாள்.

"என்னுதுதாம்பா. தலைங்கதான் அவங்களுது."

கத்தி தலையில் பட்ட பிறகு நான் இரண்டு தடவை திரும்பினேன். முதல் தடவை திட்டு கிடைத்தது. இரண்டாம் தடவை ரத்தம் வந்தது. வலது காதுக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முடி இருந்த காலத்தில் சீப்பு மட்டும் அதைக் கண்டுபிடிக்கும். இப்போது முடி போய்விட்டதால் எல்லோரும் கண்டுபிடிக்கிறார்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெரு பஜனைக் கோஷ்டியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "சாமி விஷயமாகவே எழுதுகிறீர்களே, நீங்கள் படித்து முன்னுக்கு வந்த கதையை எழுதக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் படித்தது ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அதிலும் சாமி விஷயம் இருக்கிறது. தழும்பும் அதில்தான் சேர்ந்தது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

இரும்பு வயிறு

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலாக இருந்த இடங்களில் சுவர் எழும்பி, ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியிருந்த காலம். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் நைனாவோடு நெல் வயலில் உழன்றுகொண்டிருந்த என்னை, "மாமா, இங்க வந்துடு, மாசம் பொறந்தா சம்பளம்" என்று கூப்பிட்டு ஓர் அட்டை ஆலையில் சேர்த்துவிட்டவன் ஏகாம்பரம். கஸ்தூரியின் தம்பி. என்னைவிட மூன்று வயது சின்னவன். இதை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன்.

இரண்டு பேருக்கும் பாய்லருக்குக் கரி தள்ளுகிற வேலை. பாய்லர் என்றால் படுத்திருக்கும் யானை மாதிரி ஓர் இரும்பு. உள்ளே நெருப்பு, அதைச் சுற்றித் தண்ணீர், மேலே ஆவி. அந்த ஆவியில்தான் ஆலையே ஓடியது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் தெரிகிறவரை எல்லோரும் உயிரோடு இருப்போம் என்று அர்த்தம்.

முதல் ஷிப்டில் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போகிறார் என்று செய்தி வந்தது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சர்க்கார் சர்டிபிகேட் இல்லாம பாய்லர்ல கை வைக்க முடியாது. மெட்ராஸ் போய்ப் பரீட்சை குடுங்க. ரெண்டு பேருல யாரு நல்லா செய்றீங்களோ அவருக்கு அந்த இடம். பாஸ் ஆகாதவரு கரியோட கரியா இருக்க வேண்டியதுதான்."

போகிறவர் தன் கையால் எழுதிய ஒரு கேள்வி பதில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பது தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். திங்கள் முதல் புதன் வரை என் வீட்டில், மற்ற நாள் அவன் வீட்டில் என்று பேசிக்கொண்டோம். ஒரு நகல் எழுதிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். நான் உட்கார்ந்து நகல் எழுதுகிற நேரத்தில் அவன் படித்துவிட மாட்டானா?

பார்த்தீர்களா, வியாதி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வேண்டுதல்

எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் முதலில் திருத்தணி முருகனிடம் சொல்லிவிடுவோம். நான் படத்துக்கு முன்னால் நின்று தெளிவாகச் சொன்னேன்: "அப்பனே, ஏகாம்பரத்தைவிட நான் மேலே வந்தால் உனக்கு என் முடி." பாஸ் பண்ண வை என்று கேட்கத் தோன்றவில்லை. பாய்லரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கக் கனவிலும் தோன்றவில்லை.

ஏகாம்பரமும் வேண்டிக்கொண்டான். அவனே சொன்னான். "பெயிலாவக் கூடாது மாமா, அவ்ளோதான். பெயிலாயிட்டா எங்க தெருவுல தல காட்ட முடியாது. பேஜாரா பூடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கறன்னு வேண்டிக்கினேன்."

அவரவர் வேண்டுதல்படிதான் அவரவர் படித்தோம். அவன் நோட்டைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடிப்பான். ஒரு தாளைப் படித்து முடித்ததும் நெற்றி வேர்வையைத் துடைப்பான். நான் நோட்டு கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது, அவன் அடையாளத்துக்கு வைத்த பீடிக்கட்டுக் காகிதம் எந்தத் தாளில் இருக்கிறது என்றுதான். பன்னிரண்டாவது தாளில் இருந்தால் எனக்குப் பதின்மூன்று முடியாமல் சோறு இறங்காது. பதின்மூன்றில் என்ன எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள். பதின்மூன்று என்பது மட்டும் தெரியும்.

எனக்குப் பின்னால் ஒருத்தன்

இது எனக்குப் பழைய குணம். பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார். நான் எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள். ரொம்ப நிம்மதியான இடம் அது. எனக்குப் பின்னால் சீனிவாசுலு என்று ஒரு தெலுங்குக்காரப் பையன் இருந்தான். அவன் இருக்கிறவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் காய்ச்சல் என்று வராத நாளில் எனக்கும் வயிறு வலிக்கும்.

எட்டாவது நடுவில் அவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கரும்பு வெட்டப் போனான். அடுத்த வாரம் நானும் நின்றுவிட்டேன்.

"ஏன்டா நின்ன?" என்றார் நைனா.

"பின்னால யாரும் இல்ல நைனா" என்றேன். அவருக்கு இது கடைசிவரை புரியவில்லை. எனக்கே இருபது வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

பிளேடு

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. புதன்கிழமை மாலை. நோட்டை அவனிடம் கொடுக்க வேண்டும். பார்த்தால், பீடிக்கட்டுக் காகிதம் முப்பத்தோராவது தாளில். நான் இருபத்தெட்டில்.

முப்பத்திரண்டாவது தாளின் தலையில் சிவப்பு மசியில் கோடு போட்டு, "முக்கியம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாவிட்டால்" என்று எழுதியிருந்தது. முக்கியம் என்ற சொல்லுக்கு மேல் நான் படிக்கவில்லை. முகம் மழிக்கிற பிளேடை எடுத்தேன். தாளை அடியோடு, நேராக, அழகாக வெட்டினேன்.

அவனுக்குக் கிடைக்கக் கூடாது. நான் கடைசி நாளில் படித்துக்கொள்ளலாம். எங்கே ஒளிப்பது? வீட்டில் கஸ்தூரி கை படாத இடமே கிடையாது. பூஜை மாடத்தில் முருகன் படம் சுவரில் சாய்ந்து நின்றது. தாளை மடித்து அதன் பின்னால் செருகிவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

திருடின பொருளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒளித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே ஆரம்பித்தது தொல்லை. விளக்கேற்றி நின்றால் முருகன் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் இருக்கிற தாளைப் படிக்கிறார் என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டே கும்பிட்டேன். படத்துக்குப் பின்னால் கை விடத் துணிவு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பரீட்சைக்கு முந்தின நாள் வந்துவிட்டது. ஸ்நானம் செய்து, திருநீறு இட்டு, மன்னிப்புக் கேட்டுக் கையை விட்டேன்.

ஒரு திருநீற்றுப் பொட்டலம்தான் இருந்தது.

கஸ்தூரி அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். "தாள் எங்கே?" என்று கேட்டால், "எந்தத் தாள்?" என்பாள். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

மெட்ராஸில்

பரீட்சை வாய்ப் பரீட்சை. கண்ணாடி போட்ட அதிகாரி. மேஜைமேல் ஆறிப்போன காப்பி. நான்கு கேள்விக்கு ஒப்பித்தேன். ஐந்தாவதாக அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணாடிக் குழாயில தண்ணி தெரியல. என்ன செய்வீங்க?"

சிவப்பு மசியும் கோடும் கண் முன்னால் வந்தன. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். தண்ணீர் இல்லாவிட்டால் வேறு என்ன செய்வது?

"உடனே பம்பைப் போட்டுத் தண்ணி விடுவேன் சார்."

அவர் பேனாவை மூடினார். "நல்ல வேளை, எங்கிட்ட சொன்னீங்க. பாய்லர்கிட்ட சொல்லல. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அடுத்து உள்ளே போன ஏகாம்பரத்துக்கும் அதே கேள்வி. கதவு திறந்திருந்தது. அவன் மூச்சு விடாமல் ஒப்பித்தது வெளியே கேட்டது. தண்ணீர் விடக் கூடாது, நெருப்பை இழுத்துவிட வேண்டும், அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பத்திரண்டாவது தாள், வரி பிசகாமல்!

ரயிலில் திரும்பும்போது அவன் என் தோளில் கை போட்டான். "உனுக்குத் தெரியாததா மாமா? பயத்துல மறந்துகினு இருப்ப." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தண்டவாளத்துத் தூசி கண்ணில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் நின்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா, ரெண்டு நாளா அந்தப் படத்தையே தொயாவிக்கினு கீற? தாளா? வெள்ளிக்கெழம படம் தொடைக்கசொல்லோ கெடச்சிது. நோட்டுலருந்து உழுந்துருக்கும், நீ பத்திரமா சாமிகிட்ட வச்சிக்கினுருக்கன்னு தம்பிகிட்ட குட்த்துட்டேன்."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் என்னைக் கலங்கடித்தது.

"படிச்சிட்டுதான் குட்த்தேன்" என்றாள் பிறகு.

தோசைக்கல்

கஸ்தூரி ஐந்தாவது வரைதான் போனவள். ஆனால் படிப்பதை நிறுத்தாதவள். பொரி கட்டி வந்த காகிதம், மிளகாய் மடித்த காகிதம், எதுவானாலும் அடுப்படியில் நின்றபடி இரண்டு பக்கமும் படித்த பிறகுதான் எரிப்பாள். கதை பாதியில் கிழிந்திருந்தால் மீதியை அவளே முடித்துக்கொள்வாள். அதனால் அவளுக்கு என்ன லாபம் என்று ஒருநாள் கேட்டேன். "லாபமா? அப்பறம் இன்னா ஆச்சின்னு தெரிய வாணாவா?" என்றாள்.

பாய்லர் நோட்டையும் அப்படித்தான் படித்திருக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் பல தடவை, "தண்ணி ஏன் மேலருந்து வராம கீழருந்து வருது? ஆவிக்கு எதுக்கு அவ்ளோ கோவம்?" என்று கேட்பாள். "பரீட்சைக்கு வராததையெல்லாம் கேக்காத" என்று விரட்டியிருக்கிறேன்.

இப்போது விரட்ட முடியவில்லை. முந்துவதற்கு ஆள் இல்லை, அவன்தான் முந்திவிட்டானே. தோற்றவனுக்கு நேரம் நிறைய. தோசை வார்த்துக்கொண்டிருந்தவளிடம் நானே கேட்டேன். "தண்ணி இல்லன்னா ஏன் தண்ணி உடக் கூடாதாம்?"

அவள் காய்ந்த கல்லில் ஒரு விரல் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்று ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது.

"இது ஒரு சொட்டு. கல்லு பழுக்கக் காஞ்சிருக்கசொல்லோ ஒரு கொடம் ஊத்தினா? அத்தனையும் ஒரே நேரத்துல ஆவியாவும். இங்க மேல தொறந்து கீது, பூடும். உன் பாய்லரு மூடிக் கீதே, எங்க போவும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பரீட்சைக்காக அல்ல. இரண்டு வருஷமாக அந்த இரும்பு வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நாஷ்டா சாப்பிட்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். ஒரு கேள்வி படிப்பேன், போய்ப் பாய்லரில் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பேன். ஓர் இடத்தில் மட்டும் நோட்டில் விஷயம் பாதியில் நின்றது. ஆவி அதிகமானால் தானாகத் திறக்கிற சேஃப்டி வால்வைப் பற்றிய இடம். நோட்டை எழுதிய பெரியவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். கஸ்தூரிதான் மீதியைச் சொன்னாள். "பழைய பேப்பர்காரன் தூக்குக்கோல் மாதிரிதான். எடக்கல்ல நுனிக்குத் தள்ளத் தள்ள, தொறக்கறதுக்கு ஜாஸ்தி பலம் வோணும்." இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம்

ஏகாம்பரம் ஆபரேட்டர் ஆகிவிட்டான். நான் அவனுக்குக் கீழே கரி தள்ளினேன். அவன் பாஸ் ஆன மறுநாளிலிருந்து நோட்டின் பக்கமே வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தான், கடன் தீர்ந்தது, பாய்லர் படிப்பும் தீர்ந்தது.

ஒரு மத்தியானம். கரியை அள்ளி நிமிர்ந்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இல்லை. ஏகாம்பரமும் அதே நேரம் பார்த்துவிட்டான். பம்பு எப்போதோ நின்று போயிருந்திருக்கிறது. அவன் அதை நோக்கி ஓடினான்.

"மச்சான், தொடாத!"

"தண்ணி இல்ல மாமா! தண்ணி உடணும்!"

"உடாதடா!"

"உடு மாமா கைய!"

மெட்ராஸில் ஒப்பித்த முப்பத்திரண்டாவது தாள் மெட்ராஸிலேயே தங்கிவிட்டது. அவன் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"தோசக்கல்லுடா! காஞ்ச தோசக்கல்லு!"

அது அவனுக்குப் புரிந்ததா, என் முகம் புரிந்ததா தெரியாது. கை தளர்ந்தது. இரண்டு பேரும் நீளக் கோலை எடுத்து நெருப்பை வெளியே இழுத்துப் போட்டோம். புருவம் கருகியது. முருகா, முருகா என்று இரண்டு பேர் வாயிலும் அதுதான். இரும்பு மெல்ல மெல்லக் குளிர்ந்தது. ஆலை அரை நாள் நின்றது. எல்லோரும் வீட்டுக்கு நடந்து போனோம், நடந்து போக முடிந்தது.

மேனேஜர் வந்து ஆபரேட்டரைத் தட்டிக் கொடுத்தார். "சரியான நேரத்துல நெருப்ப இழுத்திருக்கே!" ஏகாம்பரம் வாயைத் திறந்தான். நான் கண்ணைக் காட்டினேன். பரீட்சைக்கு முன்னால் என்றால் அந்தத் தட்டு என் முதுகில் விழாததற்கு நான் செத்தே போயிருப்பேன். அன்றைக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது.

மாலையில் அவன் எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, அந்தத் தோசக்கல்லு விஷயத்த சொல்லு. மொதல்லருந்து."

மூன்றாவது வேண்டுதல்

அதிகாரி சொன்ன ஆறு மாதம் முடிந்ததும் நானும் மெட்ராஸ் போய் வந்தேன். அதே அதிகாரி, அதே கேள்வி. தோசைக்கல்லைச் சொன்னதும் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டாவது ஷிப்ட் எனக்குக் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் ஏகாம்பரமும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு, கரி ஈரமாக இருந்தால் புகை ஏன் கூடுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கஸ்தூரி வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கெளம்புங்க. திருத்தணிக்கு."

"எதுக்கு?"

"நீ பெயிலாயி வந்த அன்னிக்கு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். ரெண்டு பேரும் பாஸ் ஆனப்பறமும் அந்த நோட்டத் தொட்டாங்கன்னா, ரெண்டு தலையும் உனுக்கு முருகான்னு."

"ஏண்டி, என் தலைய நேந்துக்க நீ யாரு?" என்றேன். நான் வேண்டிக்கொண்டது பலிக்காததால் முடியாவது மிஞ்சியது என்று இருந்தவன் நான்.

"நீ தாலி கட்டினவன், அவன் கூடப் பொறந்தவன். ரெண்டுலயும் எனுக்குப் பாத்தியத கீது. நட."

மறுபடியும் கொட்டகையில்

கத்தி வைத்ததும் பழைய குணம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் வேறொருவர் மழித்துக்கொண்டிருந்த அவன் தலையில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்கத் திரும்பினேன்.

"ஆடாத உக்காருய்யா! அவருக்குப் பாதி, உனுக்குப் பாதி. ரெண்டும் மொட்டதான்" என்று என் தலையைப் பிடித்து நேராக வைத்தார் முடி எடுப்பவர்.

மனசு தாங்கவில்லை. குனிந்தபடியே சொன்னேன். "மச்சான், அந்த முப்பத்திரண்டாவது தாளு..."

"பிளேடால வெட்னதுதானே? அக்கா குட்த்த அன்னிக்கே தெரியும் மாமா. தானா உழுந்த தாளு அவ்ளோ நேராவா இருக்கும்?"

"ஏன்டா கேக்கல?"

"எப்டிக் கேக்கறது? நானும் ஒண்ணு கிழிச்சேனே."

அப்போதுதான் இரண்டாம் தடவை திரும்பினேன்.

ரத்தம் காதோரம் வழிந்தது. அவர் திட்டிக்கொண்டே படிகாரம் தேய்த்தார். எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஏகாம்பரம் பாதி மொட்டையோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

"உன்கிட்டருந்து மறைக்கறதுக்கு இல்ல மாமா, சத்தியமா. சேஃப்டி வால்வு தாளு. எத்தினி வாட்டி படிச்சாலும் ஏறல. அதப் பாத்தாலே பெயிலாயிடுவேன்னு தோணிச்சி. அக்கா ஊட்டு அடுப்புல போட்டுட்டேன். நீ எப்பனா கண்டுபிடிப்ப, திட்டுவன்னு பாத்தேன். நீ கண்டுக்கவேல்ல."

எப்படிக் கண்டுகொள்வேன்? நான் பார்த்துக்கொண்டிருந்தது பீடிக்கட்டுக் காகிதத்தை அல்லவா!

கஸ்தூரி முந்தானையால் என் காதோரத்தைத் துடைத்தாள். "அடுப்புல பாதி எரிஞ்சிக்கினு இருந்திச்சி. இழுத்துப் போட்டு அணச்சி, படிச்சிட்டுதான் மறுபடியும் போட்டேன்" என்றாள்.

பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, இரண்டு மொட்டையிலும் ஒரே அளவாகப் பூசிவிட்டாள். வெயிலில் அது குளுகுளுவென்று இறங்கியது. முருகனைப் பார்க்கப் படியேறினோம். அன்றைக்குத்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு, கண்ணைத் திறந்துகொண்டு கும்பிட்டேன்.